தலைவாஸ் ரசிகனா ஒரு புலம்பல், டாக்டரா ஒரு வாக்குமூலம்

1/ ப்ரோ கபடி 12-வது சீசன் முடிந்துவிட்டது. அக்டோபர் 31-ம் தேதி டெல்லியில் நடந்த ஃபைனலில் தபாங் டெல்லி 31-28 என்று புனேரி பல்டனை ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது. நம்ம தமிழ் தலைவாஸ்? முதல் எட்டு இடத்துக்குள்ளயே வரல. சீசன் பூரா வயித்தெரிச்சலை அடக்கிட்டு இருந்தேன். இன்னிக்கு மழை, க்ளினிக்ல கூட்டம் இல்ல. அதனால இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து படிங்க.

2/ நான் யாருன்னு முதல்ல சொல்லிடறேன். தஞ்சாவூர் பக்கம், வெண்ணாற்றங்கரை கிராமத்துக்காரன். பொது மருத்துவர். எலும்பு நிபுணர் இல்ல, விளையாட்டு மருத்துவமும் தனியா படிக்கல. ஆனா டெல்டாவுல டாக்டரா உட்கார்ந்தா கபடி முட்டியைப் பார்க்காம தப்பிக்கவே முடியாது. சுகர், பிரஷர், வயல்ல பாம்புக்கடி, கபடி முட்டி. என் பிழைப்பு இந்த நாலுலதான் ஓடுது.

3/ எங்க பக்கம் கபடிக்கு ரெண்டு சீசன். ஒண்ணு டிவி சீசன். சமீப வருஷங்கள்ல அது பெரும்பாலும் புரட்டாசி, ஐப்பசியை ஒட்டி வருது. குறுவை அறுப்பும் சம்பா நடவும் மழையும் ஒண்ணா மோதுற நேரம். இன்னொண்ணு மண் சீசன். தை, மாசியில சம்பா அறுத்து வயல் காய்ஞ்ச பிறகு ஊருக்கு ஊர் மின்னொளி கபடி. நோட்டீஸ், சுழற்கோப்பை, மைக் செட், ட்யூப் லைட். டிவி சீசன்ல ஆசையை வளர்த்துக்குவோம். மண் சீசன்ல முட்டியை உடைச்சுக்குவோம்.

4/ இந்த அக்டோபர்ல கொள்முதல் நிலைய வாசல்ல நெல்லைக் கொட்டிட்டு விவசாயிங்க காத்துக் கிடந்ததைச் செய்தியில பார்த்திருப்பீங்க. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினா எடுக்க மாட்டாங்க. மழையோ விடல. எங்க ஊர்க்காரங்களும் படுதாவைப் போட்டு மூடிட்டு ராத்திரி காவலுக்குப் படுத்தாங்க. ஒரு போன்ல தலைவாஸ் மேட்ச் ஓடுது, அதைச் சுத்தி எட்டுத் தலை. முளைச்சிடுமோன்னு பயந்துக்கிட்டிருந்த நெல்லுக்குப் பக்கத்துல உட்கார்ந்து, 'கவர்ல ஆளே இல்லையேப்பா'ன்னு கவலைப்பட்டாங்க. எங்களுக்கும் கபடிக்கும் உள்ள உறவு அவ்வளவுதான், அவ்வளவு பெருசு.

5/ சரி, தலைவாஸ் கதைக்கு வருவோம். ப்ரோ கபடி 2014-ல ஆரம்பிச்சப்போ தமிழ்நாட்டுக்கு அணியே கிடையாது. 2017-ல, அஞ்சாவது சீசன்லதான் தலைவாஸ் வந்துச்சு. அஜய் தாக்கூர் கேப்டன். அதுக்கு முந்தின வருஷம் உலகக் கோப்பை ஃபைனல்ல ஈரானைப் புரட்டி எடுத்த ஆள். 'அப்புறம் என்ன, கோப்பை நம்மளுக்குத்தான்'னு நினைச்சோம். முதல் மூணு சீசன்லயும் கடைசி இடம். ரசிகனா பொறுமையைக் கத்துக்கணும்னா தலைவாஸைப் பின்தொடருங்க. தியான வகுப்புக்குப் போக வேண்டிய தேவையே இருக்காது.

6/ 2022-ல பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தாங்க. அதுவரைக்கும் ப்ரோ கபடியில யாருக்கும் கொடுக்காத விலை. அக்டோபர்ல முதல் மேட்ச், குஜராத்தோட. முதல் பாதி கூட முடியல. எதிர் அணி ரெய்டரைப் பிடிக்கப் போனவர் முட்டியைப் பிடிச்சுட்டு விழுந்தார். ஸ்ட்ரெச்சர் வந்தது. அதோட அவருக்கு அந்த சீசன் முடிஞ்சது. எங்க வீட்டு ஹால்ல பன்னிரண்டு பேர் இருந்தோம். ஒரு சத்தம் இல்ல. அவர் விழுந்த விதத்தைப் பார்த்ததும் எனக்கு வேற ஒருத்தர் முட்டி ஞாபகம் வந்தது. அந்தக் கதைக்குப் பிறகு வரேன்.

7/ வேடிக்கை என்னன்னா, ஸ்டார் போன அதே சீசன்லதான் தலைவாஸ் முதல்முறையா அரையிறுதி வரைக்கும் போச்சு. புதுசா வந்த நரேந்தர் கண்டோலாங்கிற பையன் 200 ரெய்டு புள்ளிக்கு மேல குவிச்சான். புனேகிட்ட ரெண்டே புள்ளியில, 37-39-ன்னு தோத்தோம். அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடல. அந்த அணியைத்தான் இன்னிக்கும் நான் 'நம்ம டீம்'னு நினைச்சுக்கிறேன்.

8/ அதனால ரசிகனா என் முதல் கருத்து: ஏலத்துல ஒரு பெரிய பேரை வாங்கி அவர் தோள்ல எல்லாத்தையும் ஏத்துறதை நிறுத்தணும். இந்த வருஷம் அர்ஜுன் தேஷ்வாலை 1 கோடியே 40 லட்சத்துக்கு மேல கொடுத்து எடுத்தாங்க. பவன் ஷெராவத்தும் திரும்ப வந்தார், கேப்டனா. சீசன் பாதியிலேயே அவர் அணியில இல்ல. ஏழு பேர் சங்கிலி மாதிரி நின்னு ஆடுற ஆட்டம் இது. ஒரே கண்ணியில தங்க முலாம் பூசி என்ன பிரயோஜனம்?

9/ ரெண்டாவது கருத்து, எல்லாரும் கேட்கிற கேள்விதான்: 'தமிழ்'னு பேர் வெச்ச அணியில நம்ம பசங்க ஏன் விரல் விட்டு எண்ற அளவுக்குத்தான் இருக்காங்க? ஹரியானா பசங்க மேல எனக்குத் துளி கோபமும் கிடையாது. உழைச்சு வர்றாங்க. அவங்க ஆடும்போது எழுந்து நின்னு கைதட்டுறேன். ஆனா கேள்வி கேள்விதானே.

10/ திறமை இல்லையான்னா, அந்தப் பேச்சுக்கே இடமில்ல. சேரலாதனைத் தெரியாதவங்க இருந்தா தெரிஞ்சுக்கங்க. கல்லணைக்குக் கிழக்கே, கோவிலடி பக்கம் திருச்சானம்பூண்டி. தஞ்சாவூர் மாவட்டம். தர்மராஜ் சேரலாதன் அந்த ஊர். 2016-ல பாட்னா பைரேட்ஸ் கோப்பையை ஜெயிச்சப்போ கேப்டன் இவர்தான். அப்போ வயசு 41. அதே வருஷம் உலகக் கோப்பை ஜெயிச்ச இந்திய அணியிலயும் இருந்தார். 2019-ல ஹரியானா ஸ்டீலர்ஸுக்குக் கேப்டன். ஆமா, ஹரியானா அணிக்குத் தஞ்சாவூர்க்காரர் கேப்டன். வயசு 44. லீக் முழுக்க அவருக்குப் பேரே 'அண்ணா'.

11/ இப்பவும் பாருங்க. பஹ்ரைன்ல இந்த அக்டோபர்ல நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில ஆண்கள், பெண்கள் ரெண்டு அணியும் தங்கம். ஆண்கள் அணியில வடுவூர் அபினேஷ். பெண்கள் அணியில சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. ரெண்டு பேருக்கும் தமிழக அரசு தலா 25 லட்சம் கொடுத்தது. வடுவூர் எங்களுக்குப் பக்கம்தான். வெளியூர்க்காரங்க ராமர் கோயிலுக்கும் பறவைகள் சரணாலயத்துக்கும் வருவாங்க. எங்களுக்கு அது கபடி ஊர். அதே மாசம் 'பைசன்' படமும் வந்தது. 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில தங்கம் வாங்கின மணத்தி கணேசன் வாழ்க்கையை ஒட்டின கதை. மொத்தத் தமிழ்நாடும் ஒரு மாசம் கபடி பேசிச்சு.

12/ அப்போ பசங்க எங்கதான் போறாங்க? டீக்கடையில கேட்டா நூறு காரணம் சொல்வாங்க. தேர்வாளர் வர்றதில்ல, அரசியல், ஹிந்தி தெரியல, வேலை இல்ல. அதுல உண்மையும் இருக்கலாம். என் க்ளினிக் பெஞ்ச்ல இருந்து பார்த்தா எனக்கு இன்னொரு காரணம் தெரியுது. 17 வயசுல பாட ஆரம்பிச்சு 21 வயசுல 'முட்டி போச்சு'ன்னு நின்னுடற பசங்க. ஒவ்வொரு ஊர்லயும் ஒருத்தன் ரெண்டு பேர். உங்க ஊர்லயும் இருப்பான். யோசிச்சுப் பாருங்க, பேரோட ஞாபகம் வருவான்.

13/ அப்படி ஒருத்தனுக்கு முட்டி போனதுல எனக்குப் பங்கு இருக்கு. இதுவரைக்கும் வெளியில எழுதினதில்ல. அவன்கிட்ட கேட்டேன், 'எழுதுங்கண்ணே, பேரு மட்டும் வேணாம்'னான். அதனால எழுதறேன்.

14/ 2018, மாசி மாசம். படிப்பை முடிச்சு ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகல. எங்க ஊர் மின்னொளி கபடி, 65 கிலோ பிரிவு. நோட்டீஸ்ல 'மருத்துவ உதவி'ன்னு என் பேரைப் போட்டிருந்தாங்க. ஸ்கோர் எழுதற மேசைக்குப் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, முதலுதவிப் பெட்டி, வலி மரத்துப் போற ஸ்ப்ரே. நானும் சின்ன வயசுல அந்த மண்ணுல பாடினவன். டாக்டரா உட்கார்ந்திருந்தேன்னு பேர். உண்மையில ரசிகனாத்தான் உட்கார்ந்திருந்தேன்.

15/ தம்பிக்கு அப்போ 19 வயசு. பாலிடெக்னிக் கடைசி வருஷம். அப்பா குத்தகைக்கு விவசாயம். பையன் பாடப் போனான்னா மைக்காரர் குரலே மாறிடும். இடது பக்கம் போற மாதிரி ஒரு போக்கு காட்டி, இடுப்பை ஒடிச்சு வலது கார்னரைத் தொட்டுட்டு வருவான். அடுத்த மாசம் மாவட்ட அணித் தேர்வுக்குப் போறதா இருந்தான். போனா நிச்சயம்னு எல்லாரும் சொன்னாங்க.

16/ அரையிறுதி, பக்கத்து ஊரோட. ரெண்டாவது பாதியில ஒரு ரெய்டு. கோட்டுக்குத் திரும்பும்போது காலை ஊன்றி உடம்பைத் திருப்பினான். விழுந்தான். எழுந்து நொண்டிக்கிட்டே என்கிட்ட வந்தான். 'அண்ணே, உள்ள டொப்புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. முட்டி நழுவுற மாதிரி இருக்கு.' இந்த ரெண்டு வாக்கியமும் எனக்கு இன்னிக்கும் அட்சரம் பிசகாம ஞாபகம் இருக்கு. ஏன்னா எங்க பாடப் புத்தகத்துல ஏசிஎல் அறுந்த நோயாளி சொல்வார்னு போட்டிருக்கிறதும் ஏறக்குறைய இதேதான்.

17/ எனக்குத் தெரியும். தெரியாதுன்னு சொன்னா பொய். முட்டியை மடிச்சு, கெண்டைக்காலை முன்னாடி இழுத்துப் பார்க்கிற ஒரு பரிசோதனை இருக்கு. ஒரு நிமிஷம் ஆகும். செய்யல. வீக்கம் இன்னும் வரல, அது எனக்கு ஒரு சாக்கு. ஸ்கோர் 24-26. அஞ்சு நிமிஷம் பாக்கி. சுத்தி எங்க ஆளுங்க: 'டாக்டர் தம்பி, ஒண்ணும் இல்லைல? ஸ்ப்ரே அடிச்சு விடுங்க!' நான் ஸ்ப்ரே அடிச்சேன். பேண்டேஜ் சுத்தினேன். 'முடிஞ்சா போடா'ன்னு சொன்னேன்.

18/ 'முடிஞ்சா போடா.' இந்த வார்த்தையை யோசிச்சுப் பாருங்க. 19 வயசுப் பையன். ஊரே அவன் பேரைக் கத்துது. அவன் 'முடியல'ன்னு சொல்வானா? முடிவு எடுக்க வேண்டியது நான். அதை அவன் தலையில வெச்சேன்.

19/ போனான். ரெண்டு புள்ளி எடுத்தான். சமன். கடைசியில மூணாவது ரெய்டு, புள்ளி எடுத்தே ஆகணும். ஒத்தக் கால்ல திரும்பினான். முட்டி உள்பக்கமா மடங்கினதை நாற்காலியிலிருந்தே பார்த்தேன். விழுந்தவன் கை நடுக்கோட்டைத் தொட்டிருந்தது. நடுவர் விசில். நாங்க ஜெயிச்சோம். பட்டாசு வெடிச்சாங்க. நானும் ஒரு நொடி கையைத் தூக்கிக் கத்தினேன். அந்த ஒரு நொடியை என்னால மறக்க முடியல.

20/ அவன் எழவே இல்ல. டிராக்டர் டிப்பர்ல வைக்கோலைப் பரப்பி வீட்டுக்குக் கொண்டுபோனோம். ராத்திரிக்குள்ள முட்டி பானை மாதிரி வீங்கிடுச்சு. மறுநாள் எக்ஸ்ரே. எலும்பு முறிவு இல்ல. 'எலும்பு நல்லாருக்கு, சுளுக்குதான்'னு வீட்ல முடிவு பண்ணி, கட்டுப் போடுற இடத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எண்ணெய், மூங்கில் பத்தை, ஆறு வாரம். 'ஸ்கேன் எடுங்க'ன்னு நான் சொன்னேன். ஆனா குற்ற உணர்ச்சியில அழுத்திச் சொல்ல வாய் வரல. எட்டு மாசம் கழிச்சுத்தான் எம்ஆர்ஐ எடுத்தாங்க. ஏசிஎல் முழுசா அறுந்திருந்தது. உள்பக்க ஜவ்வும் கிழிஞ்சிருந்தது.

21/ கொஞ்சம் பாடம் நடத்தறேன், பொறுத்துக்கங்க. முட்டிக்குள்ள தொடை எலும்பையும் கெண்டைக்கால் எலும்பையும் கட்டிப் பிடிக்கிற ரெண்டு தசைநார் எக்ஸ் மாதிரி குறுக்கே ஓடுது. அதுல முன்னாடி இருக்கிறதுதான் ஏசிஎல். கெண்டைக்கால் எலும்பு முன்னாடி நழுவாமலும், திரும்பும்போது முறுக்கிக்காமலும் பிடிச்சு வைக்கிறது அதோட வேலை.

22/ வைக்கோல் ஏத்தின டிராக்டரைப் பார்த்திருப்பீங்க. பாரத்து மேல குறுக்கும் நெடுக்குமா கயிறு போட்டு இறுக்கியிருப்பாங்க. ஒரு கயிறு அறுந்தாலும் நேர் ரோட்டுல வண்டி நல்லாத்தான் போகும். வளைவுல திரும்பும்போதுதான் பாரம் சாயும். ஏசிஎல் அறுந்த முட்டியும் அப்படித்தான். ஒரு மாசத்துல வலி குறைஞ்சிடும். நேரா நடப்பான், சைக்கிள் ஓட்டுவான். 'சரியாயிடுச்சு'ன்னு எல்லாரும் நினைப்பாங்க. வரப்புல திரும்பும்போது, கோட்டுல திரும்பும்போது நழுவும். ஒவ்வொரு நழுவலுக்கும் உள்ள இருக்கிற ஜவ்வு கொஞ்சம் கொஞ்சமா நசுங்கும். பத்துப் பதினஞ்சு வருஷத்துல கிழவன் முட்டி மாதிரி தேய்மானம் வர வாய்ப்பு அதிகம்.

23/ கபடியில இது ஏன் அதிகம்? ரெய்டர் ஒத்தக் கால்ல நின்னு சட்டுன்னு திரும்பணும். அதே நேரம் எதிராளி அந்தக் காலைத்தான் பிடிச்சு நிறுத்துவான். பாதம் தரையில பூட்டிக்கும், மேல உடம்பு சுத்தும். நடுவுல மாட்டிக்கிறது முட்டி. பக்கவாட்டுல இருந்து ஒருத்தர் மோதினா கேட்கவே வேண்டாம். டிவியைப் பார்த்து இப்போ ஊர்லயும் மேட் போடுறாங்க, ஷூ போடுறாங்க. நல்லதுதான். ஆனா மண்ணுல பாதம் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். மேட்ல ஷூ கவ்விப் பிடிக்கும். மண்ணுல பழகின கால் அதுக்கு ஏத்த மாதிரி மறுபடியும் பழகணும்.

24/ 2022-ல பவன் விழுந்தப்போ எனக்கு இதெல்லாம்தான் ஓடிச்சு. 2 கோடியே 26 லட்சம் கொடுத்த முட்டி. விழுந்த உடனே ஆட்டம் நின்னது, ஸ்ட்ரெச்சர் வந்தது, யாரும் 'ஸ்ப்ரே அடிச்சு விடுங்க'ன்னு கத்தல. அடுத்த வருஷ ஏலத்துல அவருக்கு இன்னும் அதிக விலை கிடைச்சது, 2 கோடியே 60 லட்சம். திரும்ப வந்து ஆடினார். எங்க தம்பி முட்டிக்கு நாங்க வெச்ச விலை ஒரு சுழற்கோப்பை. அதையும் அடுத்த வருஷம் வேற ஊருக்குக் கொடுத்துட்டோம்.

25/ அதனாலதான் 'நம்ம பசங்க ஏன் இல்ல'ன்னு யாராவது தலைவாஸைத் திட்டும்போது எனக்குத் தொண்டையில ஏதோ அடைக்குது. தேர்வாளர் வந்து பார்க்கிறதுக்கு முன்னாடியே, எத்தனை பசங்களை நாமளே கைதட்டி நொண்டியாக்கி அனுப்பியிருக்கோம்? 44 வயசு வரைக்கும் சேரலாதன் ஆடினது எனக்கு அதிசயமா தெரியறது அவர் பிடியால மட்டும் இல்ல. நம்ம மண்ணுல இருந்து ஒரு ஜோடி முட்டி அத்தனை வருஷம் தாங்கிச்சேங்கிறதாலயும்தான்.

26/ இப்போ உபயோகமான விஷயத்துக்கு வரேன். தை பிறக்க இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. போட்டி நடத்துறவங்க, ஆடுறவங்க, பெத்தவங்க எல்லாரும் இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க.

27/ முதல் விதி. 'டொப்'புன்னு சத்தம், சில மணி நேரத்துல வீக்கம், 'நழுவுற மாதிரி இருக்கு'. இந்த மூணுல ஒண்ணு இருந்தாலும் அன்னிக்கு அவனுக்கு ஆட்டம் முடிஞ்சது. ஃபைனலா இருந்தாலும் சரி. ஸ்ப்ரே, ஊசி, மாத்திரை போட்டு உள்ள அனுப்பாதீங்க. வலிங்கிறது காவல்காரன். அவன் வாயைப் பொத்திட்டா திருடன் போயிட்டான்னு அர்த்தம் ஆகாது. மாற்று வீரர்கள் எதுக்கு உட்கார்ந்திருக்காங்க?

28/ ரெண்டாவது. நீவி விடாதீங்க, எண்ணெய் தேய்க்காதீங்க, வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். ஐஸ். மைதானத்துல சர்பத் கடை இருக்கும், இல்லன்னா மீன்காரர் பெட்டியில இருக்கும். துணியில சுத்தி 15, 20 நிமிஷம் வைங்க. பேண்டேஜ், காலை உயர்த்தி வெச்சுப் படுக்கணும், ஊன்றி நடக்கக் கூடாது. அப்புறம் எலும்பு மருத்துவர். முக்கியமா இதைக் கேட்டுக்கங்க: எக்ஸ்ரேயில தசைநார் தெரியாது. 'எக்ஸ்ரே நார்மல்'னா எலும்பு உடையலைன்னு மட்டும்தான் அர்த்தம்.

29/ எல்லாருக்கும் ஆபரேஷன் தேவையில்ல. ஓடி ஆடித் திரும்புற வேலை இல்லாதவங்க பலர் முறையான உடற்பயிற்சி சிகிச்சையிலேயே சமாளிச்சுடுவாங்க. மறுபடி கபடி ஆடணும்னா பெரும்பாலும் ஆபரேஷன் வேணும். துளை வழியா செய்றது. தொடையின் பின்பக்கத் தசைநாரை எடுத்து புதுக் கயிறா கட்டுவாங்க. அதுக்குப் பிறகு குறைஞ்சது ஒன்பது மாசம் களத்துக்கு வரக் கூடாது. ஆறாவது மாசம் 'நல்லாத்தான் இருக்கு'ன்னு இறங்கினவங்க முட்டியை மறுபடியும் பார்த்திருக்கேன். செலவுக்குப் பயந்து வீட்டுலயே இருக்காதீங்க. முதல்வர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கிட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில போய்க் கேளுங்க.

30/ மூணாவது, எடை. 65 கிலோ பிரிவுக்கு 68 கிலோ பையன் என்ன பண்றான் தெரியுமா? ரெண்டு நாள் சாப்பிடாம, தண்ணி குடிக்காம, ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஓடுறான். எடை பார்த்து முடிஞ்சதும் பரோட்டா. அப்புறம் ராத்திரி பூரா ஆட்டம். காஞ்ச உடம்புல தசை பிடிக்கும், மயக்கம் வரும், சிறுநீரகம் அடி வாங்கும், இதயத் துடிப்பே தடுமாறலாம். கோச்சுகளே, ரெண்டு மாசம் முன்னாடியே எடையைப் பாருங்க. இறங்கலைன்னா அடுத்த பிரிவுல ஆடட்டும்.

31/ நாலாவது, கழுத்து. பத்துப் பேர் மேல விழுந்து, அடியில இருக்கிறவன் 'கை கால் மரத்துப் போச்சு'ன்னு சொன்னா தயவுசெஞ்சு கையையும் காலையும் பிடிச்சுத் தூக்காதீங்க. தலையையும் கழுத்தையும் அசையாம பிடிச்சுக்கிட்டு 108-ஐக் கூப்பிடுங்க. தலையில அடிபட்டுக் குழப்பமா பேசினா அன்னிக்கு அவன் ஆடக் கூடாது, கொஞ்ச நேரத்துல தெளிஞ்சாலும்.

32/ அஞ்சாவது, தினமும் 15 நிமிஷம். ஒத்தக் கால்ல நிக்கிறது, குதிச்சு முட்டியை உள்ள மடங்க விடாம இறங்குறது, தொடையின் பின்தசையை வலுவாக்குறது. கால்பந்துல இதையே 'ஃபிஃபா 11+'னு ஒரு முறையா வகுத்துச் சொல்லிக் கொடுக்கிறாங்க. காயம் குறையுதுன்னு ஆய்வுகள் இருக்கு. கபடிக்கும் அதை மாத்திச் செய்யலாம். காசு செலவில்ல.

33/ கடைசி விதி, டாக்டர்களுக்கு. நோட்டீஸ்ல பேர் போட்டா, 'நான் வேணாம்னா வேணாம்தான்'னு போட்டிக்கு முன்னாடியே மைக்ல சொல்ல வைங்க. முடிஞ்சா சொந்த ஊர் ஆட்டத்துக்கு அந்த நாற்காலியில உட்காராதீங்க. என்னை மாதிரி ரசிகனா இருந்தா நிச்சயமா உட்காராதீங்க. எந்த ஊரும் ஜெயிக்கணும்னு ஆசைப்படாத ஒருத்தர்தான் அங்க வேணும்.

34/ தம்பி என்ன ஆனான்? ரெண்டு வருஷம் கழிச்சு ஆபரேஷன் ஆச்சு. ஜவ்வுல பாதியை எடுக்க வேண்டியிருந்தது. மாவட்டத் தேர்வு, வேலை கனவு எல்லாம் அதுக்குள்ள கடந்து போயிடுச்சு. இப்போ அறுவடை மிஷின் ஓட்டுறான். சீசன்ல ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம். சாயங்காலம் முட்டி கனக்கும், க்ளினிக்குக்கு வருவான். நான் 2018-ஐப் பத்திப் பேச்செடுத்தா, 'விடுங்கண்ணே, நானும்தானே போனேன்'னுவான். அவங்கம்மா எனக்கு இன்னும் பொங்கலுக்குக் கரும்பு கொடுத்து விடுறாங்க. திட்டியிருந்தா கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

35/ அவன்தான் இப்போ எங்க ஊர்ச் சின்னப் பசங்களுக்குப் பயிற்சி. போன மாசியில எங்க ஊர் மறுபடியும் அரையிறுதி. மூணு புள்ளி பின்னாடி. எங்க ரெய்டர், 17 வயசுப் பையன், காலைத் தேய்ச்சுக்கிட்டே எழுந்தான். 'ஒண்ணும் இல்லண்ணே, பாடுறேன்'னான். தம்பி அவன் முகத்தைக்கூடப் பார்க்கல, முட்டியைப் பார்த்தான். 'உட்காருடா.' அவ்வளவுதான். கூட்டம் கத்துச்சு, ஒரு பெரியவர் கெட்ட வார்த்தையே சொன்னார். தம்பி பெஞ்ச்ல பையனுக்குப் பக்கத்துல உட்கார்ந்து, அவன் தோள் மேல கையைப் போட்டு அழுத்திக்கிட்டான், எழ விடாம.

36/ தோத்தோம். நான் அன்னிக்குக் கூட்டத்துல, கயிறுக்கு வெளியில நின்னுக்கிட்டிருந்தேன். பையனுக்கு வெறும் சுளுக்குதான், மூணு வாரத்துல சரியாயிடுச்சு. அந்தப் பெரியவர் இன்னும் சொல்லிக்கிட்டிருக்கார், 'சுளுக்குக்குப் போய் கோப்பையை விட்டானுங்க'ன்னு. சொல்லட்டும். பையன் இப்போ ப்ளஸ் டூ படிக்கிறான், சாயங்காலம் பாடுறான். வரப்போற தையில பார்க்கலாம்.

37/ தலைவாஸ்? அடுத்த சீசனும் பார்ப்பேன். வேற என்ன பண்ண முடியும். என்னைக்காவது டெல்டா பையன் ஒருத்தன் அந்த ஜெர்சியில, ரெண்டு நல்ல முட்டியோட, நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் பாடப் போகணும். அதுக்காக ஏலத்துல நம்மால ஒண்ணும் செய்ய முடியாது. நம்ம ஊர் மைதானத்துல செய்யலாம். 27-ல இருந்து 32 வரைக்கும் இருக்கிறதை உங்க ஊர் கபடிக் குழு வாட்ஸ்அப்ல போட்டு விடுங்க. கேள்வி இருந்தா கேளுங்க, நேரம் கிடைக்கும்போது பதில் சொல்றேன்.